கூண்டு ஏறியது, குடிசைக்குச் சேதி போனதா?

நாகப்பட்டினத்தில் பிறந்து, பிழைப்புக்காகக் கல்கத்தா வந்தவன் நான். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊர்தான் மாறியதே தவிர கடல் மாறவில்லை. அங்கேயும் வங்கக் கடல், இங்கேயும் வங்கக் கடல். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திசை மாறினால் இன்றும் காது தானாக ரேடியோ பக்கம் போகிறது.

1977 நவம்பர் 11 ராத்திரி. எனக்குப் பத்து வயசு. மாலையிலிருந்தே ரேடியோவில் புயல் செய்தி. "துறைமுகத்துல கூண்டு ஏத்திட்டானாம்" என்று அப்பா வந்து சொன்னார். பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எத்தனாம் நம்பரா வேணா இருக்கட்டும். இப்ப நாம என்ன பண்ணணும்னு சொன்னானாடா?" அப்பாவிடம் பதில் இல்லை. விடிவதற்குள் பாதி ஓடு பறந்துவிட்டது. அந்தப் புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே வாரத்தில், நவம்பர் 19 அன்று, ஆந்திராவின் திவிசீமையில் மற்றொரு புயல் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனது.

பாட்டியின் கேள்விக்கு விடை தேடித்தான், நாம் இப்போது வாழும் இந்த நகரத்தின் பழைய கதைக்குள் போனேன்.

கேட்காமல் போன முதல் எச்சரிக்கை

ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் ஒரு காலத்தில் கப்பல் தலைவர். பிறகு கல்கத்தாவில் தங்கி, வங்கக் கடல் புயல்களைப் பற்றிக் கப்பல் குறிப்பேடுகளிலிருந்து தகவல் திரட்டினார். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை 1848இல் வழங்கியவர் இவரே. உலகம் முழுக்கச் சொல்லும் அந்தச் சொல் பிறந்தது நம் கல்கத்தாவில்!

அந்நாளில் ஹூக்ளியில் மண் மேவி வருகிறதே என்று பயந்து, மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசு திட்டமிட்டது. 1853இல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். புயல் காற்றைவிடப் புயல் எழுப்பும் கடல் நீரே பெரிய எமன், அங்கே கட்டாதீர்கள் என்பது அதன் சாரம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துறைமுகம் எழுந்தது, ரயில் பாதையும் போனது. 1858இல் பிடிங்டன் காலமானார். 1867 நவம்பரில் புயல் வந்து கடல் நீர் உள்ளே ஏறியது. அந்தத் துறைமுகம் பிறகு தலையெடுக்கவே இல்லை. சியால்தாவில் லோக்கல் ரயில் ஏறினால் அந்தக் கேனிங் ஊரில் இன்றும் போய் இறங்கலாம்.

பதினொரு கூண்டுகள்

இதற்கிடையில் 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவையே ஒரு புயல் புரட்டிப் போட்டது. கடல் ஹூக்ளி வழியாக உள்ளே புகுந்தது. பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை அறுத்துக்கொண்டு போய் ஒன்றோடொன்று மோதின. மறு வருஷமே, 1865இல், கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். 1875இல் இந்திய வானிலைத் துறை அமைந்தது. 1864 புயலை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர்களில் ஒருவரான பிளான்ஃபோர்டே அதன் முதல் தலைமைப் பொறுப்பில் அமர்ந்தார். 1886க்குள் எச்சரிக்கை எல்லா இந்தியத் துறைமுகங்களுக்கும் விரிந்தது.

நாம் 'புயல் கூண்டு' என்கிறோமே, அது பகலில் கம்பத்தில் ஏற்றும் உருளை, கூம்பு வடிவங்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்றும் இரண்டும் தொலைவில் உள்ள கெட்ட வானிலையைச் சொல்லும். மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மிரட்டல் என்று சொல்லும். ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பேரபாயம். புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போகுமா, வலப்பக்கம் விட்டுப் போகுமா, அதன் மேலேயே ஏறுமா என்பதைப் பொறுத்து எண் மாறும்.

கவனியுங்கள். இடம், வலம் என்ற இந்தக் கணக்கெல்லாம் கப்பல் தலைவனுக்கானது. குடிசையில் இருப்பவள் எப்போது கிளம்ப வேண்டும், எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எண் அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட இல்லை. பாட்டி கேட்டதில் தப்பே இல்லை!

1864க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 1964 டிசம்பரில், தனுஷ்கோடியை நெருங்கிய ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அறிவியல் வளர்ந்திருந்தது, சேதி கடைசி மைல் கடக்கவில்லை.

கடைசி மைல்

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவில் பெரும்புயல். எச்சரிக்கை வராமல் இல்லை. ஆனால் போய் ஒதுங்கக் கட்டடங்கள் சொற்பம். ஏறத்தாழப் பத்தாயிரம் உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் பாடம் படித்தார்கள். கடலோரம் புயல் காப்பகங்கள் எழுந்தன. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. 2013இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். 2019இல் ஃபானிக்குப் பன்னிரண்டு லட்சம் பேர். இறந்தோர் எண்ணிக்கை ஆயிரங்களிலிருந்து பத்துகளுக்கு இறங்கியது. வானிலை ஆய்வு மட்டும் சாதித்ததல்ல இது. வாசல்வரை போய்க் கதவைத் தட்டிய கைகள் சாதித்தது.

மழைக்கும் காற்றுக்கும் இன்று வானிலைத் துறை தரும் நிறங்களும் இந்தப் பாதையில் வந்தவையே. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு. ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டினால் அது அதி கனமழை. ஆனால் சிவப்பு என்பது வெறும் மழை அளவல்ல. அது நமக்கு இடும் கட்டளை. கப்பலுக்குப் பேசிய எச்சரிக்கை ஒருவழியாக மனிதனிடம் பேசக் கற்றுக்கொண்டது.

பதினோராம் எண்ணைச் சொல்லாமல் விட்டேனே! எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து இருக்கிறது என்று உள்ளூர் அதிகாரி கருதினால் ஏற்றுவது அது. 2020 மே 20 அன்று ஆம்பன் புயலில் கொல்கத்தாவில் அதை நான் அனுபவித்தேன். மின்சாரம் போய், செல்போன் செத்து, இருட்டில் உட்கார்ந்திருந்தோம். ஊரில் அக்கா அங்கே தவித்துப்போனாள்.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கெல்லாம் இது பொருந்தும். ஊரில் சிவப்பு எச்சரிக்கை என்று கேட்டதும் போன் போட்டு, "ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். அது போதாது. தொடர்பு அறுவதற்கு முன்னால், "கிளம்பிட்டீங்களா? எங்க போய்த் தங்கப்போறீங்க? மாத்திரை எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். பாட்டியின் கேள்விக்கு நூற்றைம்பது வருஷ வரலாறு சொல்லும் விடை அதுதான்.