பிங்

பிங் (பெ.; வினை: பிங் செய்): ஒரு கணினி மற்றொன்றுக்கு எதிரொலிக் கோரிக்கை அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லி நொடியில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை.

தோற்றம்: நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவியின் ஒலி. 1983 டிசம்பரில், அமெரிக்க இராணுவ ஆய்வகத்தில் பணியாற்றிய மைக் மூஸ் இந்த நிரலை எழுதி, அவ்வொலியையே பெயராக இட்டார்.

பயன்பாடு: சர்வரில் ஓடும் மெய்நிகர் கணினிக்கு இணைப்பு கிடைக்காவிட்டால் முதலில் அக்கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1, பிறகு வலையில் அதன் சொந்த முகவரி, அடுத்து வெளி வலைக்கு வாயிலான கேட்வே, கடைசியாக வெளி முகவரி என்று வரிசையாக பிங் செய்வர். கும்பகோணத்து வயலுக்குத் தண்ணீர் வராதபோது மடை, வாய்க்கால், அரசலாற்று மதகு என்று மேலேறிப் பார்க்கும் முறையே இது. கேட்வே பதில் தராவிட்டால், மெய்நிகர் கணினியை வலையுடன் இணைக்கும் மெய்நிகர் சுவிட்சின் அமைப்பைப் பார்க்க வேண்டும். வெளி முகவரி பதில் தந்தும் தளப்பெயர் திறக்காவிட்டால் கோளாறு பெரும்பாலும் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில். ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுப்பதும் உண்டு. எனவே பதில் வராததை வைத்தே இணைப்பு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.