நான்கு மீட்டருக்குள் ஓர் உயரமான கார்

எங்கள் வீட்டுக் கார் 2010 ஆயுத பூஜை சமயத்தில் எடுத்தது. 15 வருஷம் ஆனால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, 5,000 ரூபாய் கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். (2022 ஏப்ரலுக்கு முன் அந்தக் கட்டணம் 600 ரூபாய்தான்.) எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. புதுப்பித்துவிடலாம் என்று நான் சொன்னேன், மனைவி வேண்டாம் என்றாள்.

காரணம் அவளுடைய முழங்கால். இரண்டு வருஷம் முன்னால் வலது காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நடக்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள். தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழுவது மட்டும்தான் முடியவில்லை. "நான் கார்ல ஏறலங்க, விழறேன்" என்பாள். இறங்கும்போது நான் ஓடிப்போய்க் கை கொடுக்க வேண்டும். மதுராந்தகத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போய்க்கொண்டிருந்தவள், கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிட்டாள். கேட்டால் வெயில் என்பாள், டிராஃபிக் என்பாள்.

ஆக, உயரமான கார் வேண்டும். பெரிய வண்டி வேண்டாம், எங்கள் தெருவில் திருப்ப முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஷோரூம்காரர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "காம்பாக்ட் எஸ்.யூ.வி. பாருங்க சார்." ஒவ்வொரு வண்டியின் விவரத் தாளையும் வாங்கி வந்து நீளத்தைப் பார்த்தேன். 3,995 மில்லிமீட்டர், 3,994, 3,995, 3,991. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு நாட்டு மூளை, எல்லோரும் ஒரே கோட்டில் வந்து நிற்கிறார்கள். ரயில்வேயில் 34 வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இப்படி எண்கள் ஒன்றுபோல் வந்தால் சும்மா இருக்க முடியாது.

அந்தக் கோடு போட்டவர் நம் சிவகங்கைக்காரர்தான். 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் எது? நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள். இந்தியா சிறிய கார்கள் செய்யும் நாடாக வேண்டும் என்பது அவர் கணக்கு. கம்பெனிகள் போட்டது வேறு கணக்கு. பெரிய காரை வெட்டி 4 மீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் வரி மிச்சம் அல்லவா! டாடா 2008-ல் இண்டிகோவின் பின்பக்கத்தைக் குறைத்து சி.எஸ். என்று விட்டார்கள். 2012-ல் மாருதி டிசையரின் டிக்கி சுருங்கியது. டிக்கியைப் பார்த்தால் தையல்காரர் துணி போதாமல் முடித்த சட்டை மாதிரி இருக்கும், ஆனாலும் நன்றாக விற்றது.

ஜீப் மாதிரி வண்டியிலும் இந்த வேலையை முதலில் செய்தது, பத்மினி கார் செய்த அதே பிரீமியர் கம்பெனி. 2009-ல் ரியோ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். வாங்க ஆள் அதிகம் இல்லை. 2012-ல் மஹிந்திரா, ஸைலோவை வெட்டி குவாண்டோ என்று விட்டார்கள். அதுவும் பெரிதாக எடுபடவில்லை.

பிறகுதான் நம் ஊர்ப் பக்கம் வருகிறது கதை. 2013 ஜூனில் மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து ஈகோஸ்போர்ட் வந்தது. ஸ்டெப்னியைப் பின்கதவில் மாட்டிக்கொண்டு, அந்தக் கதவு வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும். ஆரம்ப விலை 5 லட்சத்து 59 ஆயிரம். அந்த வருஷ பட்ஜெட்டில், மறுபடி நிதியமைச்சராக வந்திருந்த அதே சிதம்பரம், எஸ்.யூ.வி.களுக்கு எக்சைஸை 27-லிருந்து 30 சதவீதமாக ஏற்றியிருந்தார். சிறிய காருக்கு 12 சதவீதம்தான். பார்க்க எஸ்.யூ.வி., வரிக்குச் சின்ன கார். ஒரே ஆள் போட்ட இரண்டு கோடுகளுக்கும் நடுவில் ஒரு வண்டி வகையே பிறந்துவிட்டது. வரியால் இப்படிப் பொருளின் உருவமே மாறியதற்கு வேறு உதாரணம் எனக்குச் சட்டென்று தோன்றவில்லை.

அதன் பிறகு வேகம்தான். 2016-ல் மாருதி விடாரா பிரெஸ்ஸா. 2017-ல் டாடா நெக்ஸான். 2019-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயிலிருந்து வென்யூ. 2020 டிசம்பரிலும் 2021 பிப்ரவரியிலும் ஒரகடத்திலிருந்து நிசான் மேக்னைட், ரெனோ கைகர். வழி காட்டிய ஃபோர்டு மட்டும் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. மறைமலை நகரில் வேலை போனவர்கள் குடும்பங்கள் நம் தெருக்களிலேயே உண்டு. அவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் ரசிக்க மாட்டார்கள்.

எக்சைஸ் போய் ஜி.எஸ்.டி. வந்தும் கோடு அழியவில்லை. (ஜி.எஸ்.டி. என்றால் தாம்பரத்துக்காரர்களுக்கு ரோடுதான் முதலில் நினைவுக்கு வரும். 2017-க்குப் பிறகுதான் வரி.) 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருக்கும் கார்களுக்கு 18 சதவீதம், தாண்டினால் 40. ஒரே உயரம், ஒரே நீளத்தில் இரண்டு வண்டி நின்றாலும் ஒன்றில் 1,500 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இருந்தால் அது 40 பக்கம் போய்விடும். பிரெஸ்ஸா பெட்ரோல் அப்படித்தான். நீளத்தை மட்டும் பார்த்து வரி குறைவு என்று நினைக்க வேண்டாம், எஞ்சினையும் கேளுங்கள். நம் மாநில சாலை வரியிலும் ஒரு படி இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 வரை 18 சதவீதம். சேல்ஸ்மேன் "இன்னும் கொஞ்சம்தான் சார், டாப் மாடல் எடுத்துக்கலாம்" என்று சொல்லும்போது அந்தக் 'கொஞ்சம்' பத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உயரத்துக்கு வருகிறேன். நம் வயதுக்காரர்கள் ஏறி வளர்ந்த அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். வேட்டியோடு, பட்டுப் புடவையோடு நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்காரலாம். பின் சீட்டில் பாட்டி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்குவார். நீளம் 4.3 மீட்டர், எஞ்சின் 1,489 சி.சி. இன்றைய கணக்கில் அது பணக்காரர் வண்டி, 40 சதவீதம்! பத்மினி 1,089 சி.சி., 4 மீட்டருக்குள் அடங்கும், அது 18-க்குள் தப்பித்துவிடும். நம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் செய்த ஹெரால்டும் அப்படியே. ஆனால் ஹெரால்டு தாழ்ந்த வண்டி. அதில் ஏறிய பெரியவர்களின் முனகல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. (அந்த ஆலை இருந்த பக்கம் இப்போது ஐ.டி. கட்டடங்கள்.)

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நாடே அதில் ஏறியது, கூடவே சீட்டும் கீழே இறங்கியது. அப்போது நமக்கு வயது முப்பது, நாற்பது. காலை மடக்கி உள்ளே போவது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. 1998-ல் சாண்ட்ரோ வந்தபோது அதன் உயரத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். வயதானவர்கள் சிரிக்கவில்லை, உள்ளே தலை இடிக்காமல் உட்கார்ந்தார்கள். இப்போது இந்தச் சின்ன எஸ்.யூ.வி. என்பது, பெயர் என்னவாக இருந்தாலும், சின்னக் காரின் அடிச்சட்டத்தில் உயரம் கூட்டிக் கட்டியதுதான். பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்கள் மட்டும்தான் இழுக்கும். காட்டுக்கும் மலைக்கும் போக அல்ல. அம்பாசடரில் சும்மா கிடைத்த அந்த நாற்காலி உயரத்தை நாற்பது வருஷம் கழித்துக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம்.

உயரத்துக்கு நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பரில் முடிச்சூர் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் புதிதாக வந்த கார்கள் முக்கால்வாசி உயரமானவை. ஆனால் உயரமான கார் படகு அல்ல. காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் போனால் எந்த எஞ்சினும் நின்றுவிடும்.

ஷோரூமில் எல்லோரும் சொல்வது கிரவுண்ட் கிளியரன்ஸ். அது வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள தூரம். முழங்காலுக்கு வேண்டியது சீட்டின் உயரம். நான் தையல் டேப் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் அவள் சிரமமில்லாமல் எழும் கூடத்து நாற்காலியை முதலில் அளந்துகொண்டேன், பிறகு ஒவ்வொரு வண்டியின் சீட்டையும். ஒரு வண்டியில் சீட் சரியான உயரம், ஆனால் கதவுக்குக் கீழே இருக்கும் விளிம்பு அகலம், காலைத் தூக்கித் தாண்ட வேண்டியிருந்தது. இன்னொன்றில் கூரை பின்னால் சரிந்து தலை இடித்தது. ஒன்றில் பின்கதவு பாதிதான் திறந்தது. விற்கிற பையன் எங்களை வினோதமாகப் பார்த்தான். மூன்றாவது ஷோரூமில் இருந்த பெண் மட்டும், "அம்மா, அஞ்சு தடவை ஏறி இறங்கிப் பாருங்க, அவசரமே இல்ல" என்று நாற்காலி போட்டு மோர் கொடுத்தாள்.

என் இடது காலுக்கும் ஒரு தேவை இருந்தது. கிளட்ச் இனி வேண்டாம். 2014-ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. வந்த பிறகுதான் ஆட்டோமேட்டிக் நம் மாதிரி ஆட்களின் கைக்கு எட்டியது. விலை குறைவு, மைலேஜும் நன்றாகவே கொடுக்கும், ஆனால் கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் போய்த் திரும்பும். சி.வி.டி.யில் அந்த ஆட்டம் இல்லை. குரோம்பேட்டை சிக்னலில் நின்று நின்று போகிறவர்கள் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாங்கள் சி.வி.டி. எடுத்தோம், ஒரகடத்தில் செய்த வண்டி. சன் ரூஃப் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், சென்னை வெயிலுக்கு அது எதற்கு?

பழைய காரை ஐயப்பன் கோயில் பக்கத்தில் இருக்கும் மெக்கானிக் தன் மகன் ஓட்டிப் பழக எடுத்துக்கொண்டார். ஆர்.சி. புதுப்பிப்பு அவர் பாடு.

வண்டி வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகம் போனோம். வாசலில் நிறுத்தியதும் வழக்கம்போல் நான் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்குள் அவள் இறங்கி, பையையும் எடுத்துக்கொண்டு, அக்காவோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.