துவண்ட காலைத் தேடிய கணக்கு

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் பட்டிப்பொலையில், தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல் விட்ட கையோடு கால் துவண்டுபோனால் என்ன நடக்கும்? ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புத் தொற்றுநோயியல் பிரிவுக்கு உடனே தகவல் போகும். 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மலமாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். இந்த ஏற்பாட்டின் பூர்வீகம் சுவீடன்.

1905இல் அங்கே இளம்பிள்ளை வாதம் என்ற போலியோ பரவியபோது, ஈவார் விக்மன் என்ற வைத்தியர் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். டிரெஸ்டேனா என்ற சிற்றூரில் தடயம் பள்ளிக்கூடத்தில் போய் நின்றது. முடங்கிய பிள்ளைகள் மட்டுமல்ல, லேசான காய்ச்சலோடு ஓடியாடித் திரிந்தவர்களும் நோயைப் பரப்பியிருந்தார்கள்.

அடுத்த திருப்பம் ஒரு விபத்து. 1955 ஏப்ரலில் அமெரிக்காவில் சால்க் போலியோ தடுப்பூசி வந்த இரண்டே வாரத்தில், ஊசி போட்ட கையிலேயே சில பிள்ளைகளுக்கு வாதம் கண்டது. கட்டர் நிறுவனம் தயாரித்த மருந்தில் வைரஸ் சாகாமல் தங்கியிருந்தது. தொற்றுநோயியலாளர் அலெக்சாண்டர் லாங்மியூர் அவசரமாக ஒரு கண்காணிப்புப் பிரிவைத் திறந்து, நாடு முழுவதிலுமிருந்து நோயாளர் விவரங்களைத் திரட்டத் தொடங்கினார்.

1980களில் பிரேசில்காரர் சீரோ டி குவாட்ரோஸ் இதைத் தலைகீழாக்கினார். எத்தியோப்பியாவில் பெரியம்மையை விரட்டிய அனுபவசாலி அவர். போலியோவை மட்டும் எண்ணாதீர்கள், 15 வயதுக்குட்பட்டவர்களில் திடீரென்று துவளும் ஒவ்வொரு கை காலையும் எண்ணுங்கள் என்றார். நோயாளியைப் பற்றித் தகவல் தருபவருக்குச் சன்மானம் கொடுக்கும் பெரியம்மைக் காலத்து உத்தியையும் கூடவே கொண்டுவந்தார். 1991இல் பெருவில் அமெரிக்கக் கண்டங்களின் கடைசி இயற்கை வகைப் போலியோ சிக்கியது. உலக நாடுகள் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டன.

இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்துக்குப் போலியோ ஒழிப்புச் சான்றிதழ் 2014 மார்ச் 27இல் கிடைத்தது. ஆனாலும் தேடல் நிற்கவில்லை. கியான்-பாரே நரம்பு நோய் போன்ற வேறு காரணங்களால், ஒரு லட்சம் பிள்ளைகளில் வருடத்துக்கு ஒருவருக்காவது கை கால் துவளத்தான் செய்யும். ஒரு மாவட்டம் ‘ஒருவருமில்லை’ என்று தொடர்ந்து எழுதினால் மேலிடம் சந்தோஷப்படாது. ஒழுங்காகத் தேடினீர்களா என்று கேட்கும்.

சான்றிதழ் கிடைத்த ஐந்தாவது மாதம், அமெரிக்காவின் கொலராடோவில் சளிக் காய்ச்சலுக்குப் பின் பிள்ளைகள் முடங்கினார்கள். தண்டுவடத்தின் சாம்பல்நிறப் பகுதியைத் தாக்கும் அரிய நோய் அது. சந்தேகம் என்டரோவைரஸ் டி68 மீது விழுந்தது. 1962இல் கலிபோர்னியாவிலேயே கண்டறியப்பட்ட பழைய ஆள்தான். துவண்ட கை கால்களை நாடு முழுக்க எண்ணும் வழக்கம் அமெரிக்காவில் இல்லாததால், நோய்க்கு வரைவிலக்கணம் எழுதுவதிலிருந்தே வேலை தொடங்கியது. 2018இல் மட்டும் 238 பேர் உறுதியானார்கள்.

இந்த நோய்க்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. அதனால் கால் துவண்ட பிள்ளையைக் கொண்டுவரும் தாயிடம் ‘போன கிழமை சளி இருந்ததா?’ என்று கேட்பதும், பதிலை எழுதி வைப்பதும் வைத்தியரின் முக்கிய வேலையாகிவிட்டது.