பயிர் காட்டிக்கொடுக்கும் ஈமக்குழிகள்

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் புகைவண்டி ரேணிகுண்டாவைக் கடந்து போகிறது. பெங்களூர் வண்டியோ குப்பத்தைத் தொட்டுச் செல்கிறது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர் பலர் இவ்விரு வழிகளுள் ஒன்றிலேயே ஊர் போய்த் திரும்புகின்றனர். வண்டியின் சாளரத்தில் அவர்கள் காண்பவை உருண்டைப் பாறைகள் ஏறிக் கிடக்கும் குன்றுகள், ஏரிகள், மாந்தோப்புகள், வேர்க்கடலைக் கொல்லைகள். திருப்பதி மலையைக் கண்டு கைகூப்புவோர் உண்டு. அந்த மலையடிவாரத்து நாட்டில், வேங்கடவன் கோயில் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்து, இறந்தோரைக் கல்லறைகளில் அடக்கம் செய்து மறைந்த மக்களை நினைப்போர் சிலரே.

தமிழ் நூல்கள் வேங்கடத்தை வடவெல்லையாக வகுத்தன. இறந்தோர்க்குக் கல்லெடுத்த மக்களோ அவ்வெல்லையை அறிந்திலர். தெற்கே ஆதிச்சநல்லூரில் தாழிகள். செங்கற்பட்டு மாவட்டத்துச் சானூரில் கல்வட்டங்கள். வடக்கே நாகபுரியை அடுத்த ஜூனாபானியில் நூற்றுக்கணக்கான கல்வட்டங்கள். நாகபுரியில் பணிபுரியும் தமிழர் ஒருவர், தம் ஊர்ப் புறம்போக்கில் கிடக்கும் அதே வகைக் கற்களை அங்கேயும் காணலாம். இடையில் அமைந்த சித்தூர் நாடு இவ்வகைச் சின்னங்களில் மிகச் செழித்தது.

சித்தூருக்கு மேற்கே பலமநேர் வட்டாரத்தில், இரளபண்டா பாப்பநத்தம் என்னும் இடத்தில் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி அமைத்த அறைகள் அவை. அவற்றைச் சூழ நட்ட பலகைகளின் தலைப்பகுதி வளைவாகச் செதுக்கப்பட்டிருப்பதே அவ்விடத்தின் தனிச்சிறப்பு. அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்திலும் இதே பாங்கினைக் காண்கின்றோம். சென்னைப் படையைச் சேர்ந்த நியூபோல்டு என்னும் தளபதி பாப்பநத்தத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, 1850-களின் தொடக்கத்தில் அரச ஆசியக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அவர் அதனைப் பாண்டவர் கோயில் என்ற பெயரால் குறித்தார். ஊரார் அவ்வாறே வழங்கினர். தமிழகத்தில் சிலவிடங்களில் இவற்றைக் குள்ளர் குடிசை என்பர். தெலுங்கர் இராட்சச குள்ளு என்பர். ஒரே கட்டடத்தை ஒரு சாரார் குள்ளர்க்கும் மறுசாரார் அரக்கர்க்கும் உரியதாக்கியது நகைப்பிற்கு இடமானதே. ஆனால் கட்டியவர் நம்மைப் போன்ற உயரமுடைய மனிதரே என்பதை அகழ்வில் வெளிப்பட்ட எலும்புகள் மெய்ப்பித்துவிட்டன.

1947-இல் மார்ட்டிமர் வீலர் கருநாடகத்துப் பிரம்மகிரியில் அகழ்ந்து, கற்பதுக்கைகளின் அமைப்பை முறையாக ஆராய்ந்தார். பலகைகளுள் ஒன்றில் வட்டமான இடுதுளை. உள்ளே பலருடைய எலும்புகள், இரும்புக் கருவிகள், கறுப்பும் சிவப்புமான மட்கலங்கள். கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்த, ஆட்டுக்கடா வடிவிலான சுடுமண் ஈமப்பேழையைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். இரும்பின் தொன்மை பற்றிய கணக்கும் அண்மையில் மாறிவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்வதாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது.

நின்றுகொண்டிருக்கும் கற்களைக் காண்பது எளிது. கற்கள் போன பின் எஞ்சியதைக் காண்பது எவ்வாறு? கல்வட்டத்துக் கற்களைக் கிணற்றுக்கும் வேலிக்கும் எடுத்துச் சென்ற பின், மேட்டை ஏர் உழுது உழுது சமனாக்கிவிடுகிறது. தரையில் நடப்பவன் கண்ணுக்கு அது வெறும் கொல்லை. கோலத்தின் மேல் ஊரும் எறும்பு மாவை அறியும், கோலத்தை அறியாது; வாயிற்படியில் நிற்பவளுக்கே கோலம் தெரியும். அந்த வாயிற்படியாக வந்து வாய்த்தது விமானம்.

முதல் உலகப்போரில் விமானத்திலிருந்து பகைப்புலத்தை நோக்கும் பணி செய்தவர் கிராஃபோர்டு என்னும் ஆங்கிலேயர். போருக்குப் பின் அந்நாட்டு நில அளவைத் துறையில் தொல்பொருள் அலுவலராக அமர்ந்தார். 1921-இல் விமானப் படையினர் எடுத்த படங்களில், ஸ்டோன்ஹெஞ் கல்வட்டத்திற்குச் செல்லும் பழம்பாதையின் மறைந்த பகுதி கோடுகளாகத் தெரிவதை அவர் கண்டார். 1923-இல் அவ்விடத்தைத் தோண்டினார். பாதையின் அகழிகள் இருந்தன. அதனினும் வியப்பானது, அருகிலேயே நிகழ்ந்த மற்றொன்று. உழுது தேய்ந்த ஈமமேடு என்று அதுவரை கருதப்பட்ட ஓரிடத்தை, 1925-இல் இன்சால் என்னும் விமானி வானிலிருந்து நோக்கினார். அடுத்த கோடையில் அங்கே கோதுமை வளர்ந்தபோது, ஒன்றனுள் ஒன்றாக ஆறு வளையங்களாய்க் கரும்பச்சைப் புள்ளிகள் எழுந்தன. கன்னிங்டன் அம்மையார் அகழ்ந்து பார்த்தார். புள்ளிதோறும் ஒரு மரத்தூண் நின்ற குழி! ஈமமேடன்று, மரத்தாலாகிய பெரும் வளையமே அது. உட்ஹெஞ் என்னும் பெயர் அதற்கு அமைந்தது.

இதன் காரணம் வேளாளர் அறியாததன்று. பழைய குழியோ அகழியோ தூர்ந்துபோனால், அங்குள்ள மண் ஆழமாகவும் ஈரம் காப்பதாகவும் இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் சுற்றுப்பயிர் வாடும்; குழியின் மேலுள்ள பயிர் உயர்ந்து பசுமை மாறாது நிற்கும். மாறாக, மண்ணுக்கடியில் கற்பலகையோ சுவரோ இருப்பின் வேர் இறங்க இடமின்றிப் பயிர் குன்றி முன்னரே பழுக்கும். இவற்றைப் பயிர்க்குறிகள் என்போம். ஈமமேட்டைச் சூழ்ந்த அகழி பச்சை வளையமாகவும், நடுவிலுள்ள பதுக்கை வெளிறிய திட்டாகவும் படத்தில் விழலாம். நல்ல மழை பெய்த ஆண்டில் இவை தோன்றா. உழவனுக்குக் கேடான பஞ்ச ஆண்டே ஆராய்ச்சியாளனுக்கு வாய்ப்பான ஆண்டாவது கொடுமைதான்.

இம்முறை சித்தூர் நாட்டுக்கு அப்படியே பொருந்துமா? முழுதும் பொருந்தாது என்பதே நம் கருத்து. இங்கிலாந்தில் கோதுமையும் வாற்கோதுமையும் பெருவயல்களில் ஒரே சீராக வளர்கின்றன. இங்கோ வயல்கள் சிறியன; பக்கத்துப் பக்கத்து வரப்பில் வெவ்வேறு பயிர், வெவ்வேறு நீர்ப்பாய்ச்சல். நீர் தேங்கும் நெல்வயலில் ஈர வேறுபாடே எழாது. மேலும் நம் முன்னோர் விளைநிலத்தை விடுத்து, ஏரிக்கு மேலான சரளை மேட்டையும் பாறைச் சரிவையுமே பெரும்பாலும் ஈமக்காடாகத் தேர்ந்தனர். ஆங்குப் பயிரே இல்லாதபோது பயிர்க்குறி ஏது? அத்தகைய நிலத்தில் காலையிலும் மாலையிலும் தாழ்ந்த வெயில் வீழ்த்தும் நிழலே துணை. ஓரடி உயர மேடும் நிழலால் வெளிப்பட்டுவிடும். மானாவாரியாகக் கேழ்வரகோ வேர்க்கடலையோ விதைத்த மேட்டுக்கொல்லைகளில்தான் பயிர்க்குறியைத் தேடுதல் தகும்.

அம்மேட்டு நிலங்களே இன்று விரைந்து மறைகின்றன. கருங்கல் வெட்டும் குழிகளும் மனைப்பிரிவுகளும் சாலைகளும் புறம்போக்குகளை முதலில் விழுங்குகின்றன. நிலத்தடியில் குழியும் பலகையும் எஞ்சியிருக்கும்வரைதான் பயிர் சான்று கூறும். பாறையோடு பெயர்த்தெடுத்தால் அதுவும் போயிற்று. ஆதலின் பழைய படங்களின் மதிப்பு பெரிது. 1960-களில் அமெரிக்கர் வேவு பார்ப்பதற்காக விண்ணிலிருந்து எடுத்த கொரோனா படங்கள் 1995-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. நகரங்கள் பரவுவதற்கு முந்திய நிலத்தோற்றம் அவற்றில் பதிந்துள்ளது. தனியொரு கல்வட்டத்தைக் காட்டும் நுண்மை அவற்றிற்கு இல்லையெனினும், எந்த மேடு எந்த ஆண்டுவரை உழப்படாமல் இருந்தது என்பதை அறியப் பயன்படும். அதன் பின் தாழப் பறக்கும் ஆளில்லா விமானம் மற்றதைச் செய்யும்.

எனினும் வட்டமாகத் தெரிவதெல்லாம் ஈமக்குழி ஆகாது. போரடித்த களம் இறுகிய தரையாதலால் வெளிறிய வட்டமாகத் தோன்றும். தூர்ந்த கிணறு பச்சைப் புள்ளியாகும். ஆட்டுக்கிடை போட்ட இடம் எருவின் செழிப்பால் படத்தில் அழகிய திட்டாய் விழும். அதைக் கண்டு அயல்நாட்டுப் புலவர் ஏமாறலாம், ஊர்க் கிழவர் ஏமாறார். எனவே படத்தோடு ஊருக்குச் சென்று, அக்கொல்லையின் பெயரையும் பழைய வழக்கத்தையும் உழுபவரிடமே கேட்டறிய வேண்டும். பின்னர், உழவு முடிந்து ஒரு மழை பெய்த மறுநாள் அங்கே குனிந்து நடந்து பார்க்க வேண்டும். புறம் சிவந்து, அகமும் வாய்விளிம்பும் கறுத்த ஓட்டுத்துண்டுகள் அவ்வட்டத்திற்குள் கழுவப்பட்டுக் கிடந்தால், அது களமுமன்று, கிடையுமன்று.