டைனமோவும் ஆல்டர்னேட்டரும்: திண்டுக்கல் சமவெளியில் வண்டி விளக்கின் வரலாறு

பழைய மோட்டார் வண்டியில் டைனமோவை அப்படியே விட்டுவைப்பதா, அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்துவதா என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் பொதுவான விடை கிடையாது. வண்டி எந்தச் சாலையில், எந்த வேளையில், எவ்வளவு நின்று நின்று ஓடுகிறது என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது. இதை ஆராய்வதற்குத் திண்டுக்கல் சமவெளி மிகவும் பொருத்தமான களம். மேற்கே பழனிச் சாலை, தெற்கே மதுரைச் சாலை, தென்மேற்கே வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலைப்பாதை, கிழக்கே நத்தம் சாலை என நான்கு விதமான ஓட்டத்தை ஒரே நகரம் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பேருந்துத் தொழிலின் இரு பெரும் மரபுகளும் இதன் இருபுறத்தில்தான் தோன்றின. 1911இல் நிறுவனம் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் அடுத்த ஆண்டு மதுரையிலிருந்து பேருந்து ஓட்டத் தொடங்கினார், 1920இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவை தொடங்கி, அதைத் தாமே ஓட்டினார்.

அக்காலத்து வண்டிகள் பலவற்றில் மின்சார விளக்கே கிடையாது. கார்பைடு கல்லின்மேல் நீர் சொட்டும்போது எழும் அசிட்டிலீன் வாயுவை எரித்தே முன்விளக்கு ஏற்றப்பட்டது. எஞ்சினுக்குத் தேவையான தீப்பொறியை மேக்னெட்டோ என்னும், நிலைக்காந்தத்தால் இயங்கும் சிறு கருவி தந்தது. எனவே பேட்டரி இல்லாமலே வண்டி ஓடியது. ஃபோர்டு ‘டி’ வகை வண்டியில் எஞ்சினின் சுழற்சக்கரத்திலேயே காந்தங்கள் பதிக்கப்பட்டு, அவற்றிலிருந்து வந்த மாறுமின்சாரம் நேராக முன்விளக்குக்குப் போனதால், எஞ்சின் வேகமெடுத்தால் விளக்கு பளிச்சிட்டது, வேகம் குறைந்தால் மங்கியது. இருட்டில் பள்ளத்தைக் கண்டு வேகத்தைக் குறைக்கும் அந்த நொடியிலேயே வெளிச்சமும் குறைந்தது என்பது, அன்றைய ஓட்டுநரின் இரவு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை உணர்த்தப் போதுமானது.

பேட்டரியை வண்டிக்குள் கொண்டுவந்தது, செல்ஃப் என்று பட்டறைகளில் வழங்கும் மின்தொடக்கி. 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டியில் அது அமைந்தபின், எஞ்சினைக் கைப்பிடி கொண்டு சுற்றும் வேலை மெல்ல மறைந்தது. ஃபோர்டு ‘டி’யும் 1919இல் அதை ஏற்றது. செல்ஃப் இருந்தால் பேட்டரி வேண்டும். பேட்டரி இருந்தால் ஓட்டத்தில் அதை நிரப்ப ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியே டைனமோ.

ஃபாரடே 1831இல் கண்டறிந்த விதிப்படி, காந்தப்புலத்தில் சுழலும் கம்பிச்சுருளில் பிறப்பது மாறுமின்சாரமே. பேட்டரியோ ஒரே திசையில் பாயும் நேர்மின்சாரத்தைத்தான் ஏற்கும். இந்த முரண்பாட்டை எப்படித் தீர்ப்பது என்பதில்தான் இரு கருவிகளும் பிரிகின்றன. டைனமோவில் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் நுனியில், செப்புத் துண்டுகளை வளையமாக அடுக்கி இடையிடையே மைக்கா வைத்துச் செய்த கம்யூட்டேட்டர் இருக்கிறது. அதன்மேல் உரசும் கார்பன் பிரஷ்கள் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் இணைப்பை மாற்றிக் கொடுத்து, மின்சாரத்தை ஒரே திசையில் வெளியேற்றுகின்றன. ஆல்டர்னேட்டரில் மின்சாரம் பிறக்கும் பெரிய சுருள் அசையாமல் நிற்க, காந்தம்தான் சுழல்கிறது; ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டையோடுகள், பொதுவாக ஆறு, திசையைச் சீர்படுத்துகின்றன. மக்கள் வழக்கு இந்தப் பிரிவைப் பார்ப்பதில்லை. சைக்கிள் சக்கரத்தில் உரசி விளக்கெரித்த புட்டி வடிவக் கருவியை ஊரெல்லாம் டைனமோ என்றே அழைத்தது; உள்ளே காந்தம் சுழன்று மாறுமின்சாரம் தந்த அது, இலக்கணப்படி ஓர் ஆல்டர்னேட்டர்.

டைனமோவின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. முழு மின்சாரமும் சுழலும் சுருளிலிருந்து பிரஷ் வழியாக வெளிவர வேண்டியிருப்பதால், மிகை வேகத்தில் சுற்றினால் சுருள் பிய்ந்தெழும், கம்யூட்டேட்டர் கருகும். எனவே அதன் புல்லி பெரிதாக அமைக்கப்பட்டுச் சுழற்சி மட்டுப்படுத்தப்பட்டது. அதன் விளைவாக, எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றை நெருங்கிய பிறகே டைனமோ பேட்டரிக்கு ஏதேனும் கொடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாய்ந்து அதை மோட்டாராகவே சுற்ற முயலாதபடி, கட்-அவுட் என்னும் மின்காந்தச் சுவிட்சு இணைப்பைத் துண்டிக்கிறது. கட்-அவுட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டால் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கும், டைனமோ எரியும். தொடக்ககாலத்தில் உற்பத்தியின் அளவை நிர்ணயித்தது மூன்றாவது பிரஷ் ஒன்று. அதை நகர்த்தி வைத்த இடத்துக்கேற்ப ஆம்பியர் கூடும் அல்லது குறையும். நெடுந்தூரப் பகல் ஓட்டத்தில் பேட்டரி மிகையாக நிரம்பிக் கொதிக்கும் என்பதால், ஓட்டுநர்கள் பட்டப்பகலில் விளக்கெரித்துக்கொண்டு போகும் வழக்கம் அதனால் உண்டாயிற்று. 1930களில் வோல்டேஜைத் தானே கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பரவிய பின்னரே அந்தத் தொல்லை தீர்ந்தது.

இத்தனை குறைகள் இருந்தும் டைனமோ இச்சமவெளியில் நெடுங்காலம் நிலைத்ததற்குக் காரணத்தைக் கிணற்றடியில் தேட வேண்டும். ஆற்றுப் பாசனம் குறைந்து கிணற்றையே நம்பிய இந்நிலத்தில், மின்மோட்டார் பம்புசெட்டு பரவப் பரவ, எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை சிற்றூர்களிலும் தோன்றியது. பம்புசெட்டு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி உலர்த்தும் கைத்திறனும், டைனமோவின் ஆர்மேச்சரைக் கட்டும் கைத்திறனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தேய்ந்த கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்து, மைக்காவை உடைந்த ஹாக்சா பிளேடால் சுரண்டித் தாழ்த்தினால் பாதி வேலை முடிந்துவிடும். பிரஷ் தேய்ந்திருந்தால் வேறொன்றை உப்புத்தாளில் தேய்த்து அளவாக்கிச் செருகலாம். டைனமோவின் எந்த நோயும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். பூட்டுத் தொழிலால் அறியப்பட்ட, அரமும் வைஸும் அன்றாடப் பொருளாக இருந்த ஒரு நகரத்துக்கு இத்தகைய கருவி இயல்பாகவே பொருந்தியது என்று சொல்வதில் மிகையில்லை. டையோடு பழுதானால் அதைக் கட்டவும் முடியாது, கடையவும் முடியாது, மாற்றத்தான் முடியும்.

ஆல்டர்னேட்டர் தாமதமாக வந்ததற்கும் டையோடே காரணம். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வானொலிக் கருவி சுமந்த காவல் வண்டிகளுக்கு செலினியம் தகடுகளால் ஆன பெரிய திருத்திகளுடன் அது பயன்பட்டது. சிறிய, மலிவான சிலிக்கான் டையோடு கிடைத்த பின்னரே, கிரைஸ்லர் நிறுவனம் 1960இன் வேலியன்ட் காரில் அதை வழக்கமான உறுப்பாக்கியது. அதற்கடுத்த ஆண்டு, 1961இல், சுந்தரம் ஐயங்காரின் நிறுவனத்திலிருந்து வளர்ந்த டி.வி.எஸ். குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ்.ஸை நிறுவின. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர் முதலில் டைனமோவுடனும், பிற்கால வகைகளில் ஆல்டர்னேட்டருடனும் வந்தது. 1983 இறுதியில் வெளிவந்த மாருதி 800 ஆல்டர்னேட்டருடனேயே பிறந்த வண்டி. அதற்குப் பின் வளர்ந்த தலைமுறைக்கு டைனமோ என்ற சொல்லே சைக்கிளைத்தான் நினைவூட்டியது.

இன்று பழைய வண்டி வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது ஒரு கூட்டல் கணக்கு. 12 வோல்ட் வண்டியில் 45 வாட் முன்விளக்கு இரண்டுக்கு 90 வாட், பின்விளக்கு முதலிய சிறு விளக்குகளுக்கு ஏறத்தாழ 25, இக்னிஷன் காயிலுக்கு 40, வைப்பருக்கு 36 என்று கொண்டால், மொத்தம் 191 வாட், அதாவது சுமார் 16 ஆம்பியர். லூகாஸ் சி39 டைனமோ 19 ஆம்பியரும், சி40 வகை 22 ஆம்பியரும் தரக்கூடியவை. ஆகவே வண்டி பிறந்த காலத்துச் சுமையை, ஓட்டத்தில் இருக்கும்வரை, டைனமோ தாங்கும். கூடுதல் பனிவிளக்கு, மின்விசிறி, பாட்டுப்பெட்டி ஆகியவை சேர்ந்தால் கணக்கு உடைகிறது. லூகாஸின் பழைய ஏ.சி.ஆர். வரிசை ஆல்டர்னேட்டர்களே 28 முதல் 36 ஆம்பியர் வரை தந்தன, அவற்றில் ஒரு பகுதியை எஞ்சின் மெதுவாக நின்று ஓடும்போதும் தந்தன.

மலைப்பாதைதான் டைனமோவுக்குப் பகை என்ற பொதுக்கருத்து இங்கே ஆய்வில் நிற்பதில்லை. கொடைக்கானலுக்கு ஏறும்போது வண்டி தாழ்ந்த கியரில், உயர்ந்த சுழற்சியில் ஓடுகிறது; இறங்கும்போது எஞ்சின் பிரேக்கை நம்பி அதே கியரில்தான் வருகிறது. இரு திசையிலும் டைனமோ நன்றாகவே சுழல்கிறது. அதன் உண்மையான பகை நின்று நின்று நகரும் கூட்டம். தைப்பூசத்தையொட்டி நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பாதயாத்திரைக் கூட்டம் பழனிக்குச் செல்லும் நாட்களில், இரவில் விளக்கெரித்தபடி மணிக்கணக்கில் நிற்கும் பழைய வண்டியின் அம்மீட்டர் முள் இறக்கப் பக்கமே சாய்ந்திருக்கும். சாலை மாறவில்லை, அதில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை மாறிவிட்டது. டைனமோ தோற்றது அந்த மாற்றத்திடம்தான்.

எனவே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சின்னாளப்பட்டி வரை போய்வரும் காருக்கு டைனமோவே போதும், அதுவே பொருத்தமும்கூட. அதற்கு ஆல்டர்னேட்டரிடம் இல்லாத ஒரு வலிமையும் உண்டு: ஓய்ந்திருக்கும்போதும் அதன் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தத்தைக் கொண்டு தானே மின்சாரம் பெருக்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியைத் தள்ளிக் கிளப்ப நேரும்போது இது பெரிய உதவி. ஆல்டர்னேட்டரின் சுழல்காந்தத்தை எழுப்பவோ பேட்டரியில் உயிர் கொஞ்சமாவது மிஞ்சியிருக்க வேண்டும். இரவில் கூட்ட நெரிசலில் அடிக்கடி ஓட வேண்டிய வண்டிக்கு ஆல்டர்னேட்டரை மறுப்பது பிடிவாதம். மங்கிய விளக்கு சாலையில் நடப்பவருக்கும் ஆபத்து.

மாற்றுபவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலானவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலில் பூட்டப்பட்டிருந்தது. அதை மாற்றாமல் இன்றைய ஆல்டர்னேட்டரை இணைத்தால் டையோடுகள் நொடியில் எரிந்துபோகும். முப்பது ஆம்பியருக்கு அளவிட்ட அம்மீட்டரும் பழைய கம்பியும் கூடுதல் மின்சாரத்தில் சூடேறும்.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தனியாகப் பதிவுசெய்ய வகைசெய்து மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிகள், மூல வடிவம் பேணப்பட வேண்டும் என்று கூறி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் செய்யும் மாற்றத்தையே பெயர்சொல்லி விலக்குகின்றன. ஆயினும் பழமையை மதிப்பவர் துளையிடாமல், வெட்டாமல், பழைய தாங்கியிலேயே ஆல்டர்னேட்டரைப் பொருத்தி, கழற்றிய டைனமோவையும் ரெகுலேட்டரையும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கிறார். பல ஆண்டு கழித்து அவற்றைத் திரும்பப் பூட்டும்போது, டைனமோவில் காந்தப்புலம் தரும் ஃபீல்ட் காயிலுக்கு பேட்டரி மின்சாரத்தை ஒரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். இரும்பு மறந்துபோன காந்தத் திசையை அந்தத் தொடுகை மீட்டுத் தருகிறது.