கடாரம் காண வந்தவர்கள்



பள்ளி விடுமுறையில் கட்டாயம் எழுதுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே மூன்று விடுமுறைகளைக் கடத்திவிட்டேன். இம்முறை எழுதாமல் இருக்க இயலவில்லை. காரணம், என் வீட்டில் நான்கு நாள் தங்கிச் சென்ற விருந்தினர்.

வெளிநாட்டு நண்பர்கள் வந்தால் எதைக் காட்டுவது என்பது மலேசியரான நமக்கு ஒரு சிக்கலே அன்று. இரட்டைக் கோபுரத்தின்முன் ஒரு படம், பத்துமலைப் படிகளில் ஒரு படம், கேமரன் மலைத் தேயிலைக்கிடையே ஒரு படம். முடிந்தது கடமை! ஆனால் என் நண்பர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். கும்பகோணத்தைச் சேர்ந்த ஆசிரியத் தம்பதியர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். அண்ணன் வரலாறு கற்பிப்பவர், அண்ணி தமிழாசிரியை. ஆசிரியர் மாநாடு ஒன்றில் தொடங்கிய பழக்கம், மடல்களால் வளர்ந்தது. "கோலாலம்பூர் எங்களுக்கு வேண்டாம் தம்பி. கடாரத்தைக் காட்டுங்கள், அது போதும்" என்று அண்ணன் எழுதியிருந்தார். நான் வாழ்வதோ கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில். கடாரம் என் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணம்.

பினாங்கு விமான நிலையத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டு பாலத்தின் வழியே பெருநிலம் நோக்கிப் புறப்பட்டேன். 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாலம் அது. வலப்பக்கம் பச்சைப் பசேலென்று ஒரு தீவு தெரியும். "அதுதான் ஜெரெஜாக் தீவு" என்று கைகாட்டினேன். அண்ணன் அந்நேரம் கைப்பேசியில் கடாரத்துப் படங்களை அண்ணிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். "அப்படியா" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மெர்போக் சென்றோம். ஜெராய் மலை 1,200 மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரம்தான். ஆயினும் கடலையொட்டிய சமவெளியில் தனித்தெழுந்து நிற்பதால், கப்பலில் வருவோர்க்கு வெகு தொலைவிலிருந்தே தெரியும். தென்னிந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேர்கிழக்கே வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு இம்மலைதான் அடையாளம். ஒரு பருவக்காற்றில் வந்தவன் திரும்பிச் செல்ல மறு காற்றுக்குக் காத்திருந்தாக வேண்டும். அவ்வாறு காத்திருந்த மாதங்களில் இங்கே குடியிருப்பும் சந்தையும் வழிபாட்டிடமும் தோன்றின. பூஜாங் பள்ளத்தாக்கின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் காற்றிலிருந்துதான் தொடங்குவேன், அரசர்களிலிருந்து அன்று.

மலையடிவாரத்தில் தொல்பொருள் காட்சியகம் உள்ளது. அதன் வளாகத்திலேயே ஓடையருகே நிற்கிறது புக்கிட் பத்து பகாட் சண்டி. சண்டி என்பது பழங்காலக் கோயில் எச்சத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் மனைவியுடன் இப்பள்ளத்தாக்கெங்கும் அகழ்ந்து, முப்பது போல இடங்களுக்கு எண்ணிட்டார். இது எட்டாம் எண். பின்னர் அலஸ்டயர் லாம்ப் என்பவரின் பொறுப்பில் 1959, 1960இல் கற்கள் அடுக்கி மீட்டமைக்கப்பட்டது. கருங்கல் மேடை, கருவறைச் சுவர், முன்மண்டபத் தரை, மரத்தூண்களைத் தாங்கிய கல்லடிகள் ஆகியவையே எஞ்சியுள்ளன. கோபுரமில்லை, சிற்பமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் நிழலில் வளர்ந்தவர்கள் ஏமாந்துபோவார்களோ என அஞ்சினேன்.

அண்ணன் ஏமாறவில்லை. கண்கலங்கி நின்றார். பின்பு பையிலிருந்து ஒரு துணிப் பதாகையை எடுத்து விரித்தார். புலிச்சின்னம், கீழே 'கடாரம் கொண்டான்' என்னும் எழுத்துகள். படமெடுக்க வேண்டும், ஒரு முனையை நான் பிடிக்க வேண்டும் என்றார்.

அன்பர்களே, நான் தயங்கினேன். அந்நேரம் தொடக்கப்பள்ளி மாணவர்கள் சிலர் தங்கள் மலாய் ஆசிரியையோடு படியேறி வந்துகொண்டிருந்தனர். என் மாணவர்களின் வயதுதான் அவர்களுக்கும். எழுத்தை அவர்களால் படிக்க முடியாது. ஆனால் "என்ன எழுதியிருக்கிறது ஐயா?" என்று அவ்வாசிரியை கேட்டால் நான் என்ன மொழிபெயர்ப்பேன்? 'உங்கள் ஊரை எங்கள் அரசன் வென்றான்' என்றா?

"ஏன் தம்பி, உங்களுக்குப் பெருமையாக இல்லையா?" என்றார் அண்ணன்.

"பெருமை இருக்கிறது அண்ணே. ஆனால் வென்றவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். நாங்கள் இங்கேயே இருக்கிறோமே" என்றேன். அவர் பதாகையைச் சுருட்டிக்கொண்டார். முகம் சற்று வாடியது. விருந்தினர் மனத்தை நோகடித்துவிட்டேனே என்று எனக்கும் உறுத்தல். அதனால் காட்சியகத்து நிழலில் அமர்ந்து, அவருக்குத் தெரிந்த வரலாற்றையே அவரோடு மீண்டும் பேசினேன்.

1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்தது உண்மை. தஞ்சைக் கல்வெட்டிலுள்ள அவனது மெய்க்கீர்த்தி, ஸ்ரீவிசயம் தொடங்கி வென்ற ஊர்களை அடுக்கிக் கடாரத்தில் முடிகிறது. மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டதையும் அது சொல்கிறது. ஆனால் அதற்கு 19 ஆண்டுகள் முன்பு, 1006ஐ ஒட்டி, இதே கடாரத்து அரச குலம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியபோது, அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தவன் இராசேந்திரனின் தந்தை இராசராசன். லெய்டன் பெரிய செப்பேடு அதைத்தான் பேசுகிறது. படையெடுப்புக்குப் பின் 1090இல், முதற்குலோத்துங்கன் காலத்தில், கடாரத்து அரசனின் தூதர் வேண்டிக்கொண்டபடி அவ்விகாரத்து ஊர்களுக்கு வரிவிலக்கு உறுதி செய்யப்பட்டது. அது சிறிய செப்பேட்டில் உள்ளது. அப்படியானால் கொடை, போர், மீண்டும் கொடை. நடுவிலுள்ள ஓராண்டை மட்டும் எடுத்துப் பதாகையில் எழுதுகிறோம்.

காட்சிப் பேழைகளைச் சுற்றி வந்தபோதும் அதுவே கண்ணில் பட்டது. சீனப் பீங்கான் ஓடுகள், மத்தியக் கிழக்குக் கண்ணாடித் துண்டுகள், மணிகள், செங்கற்கள். எல்லாம் வணிகர் விட்டுச் சென்றவை. இராசேந்திரன் பெயர் பொறித்த கல் எதுவும் அக்கூடத்தில் இல்லை. கடல் கடந்த தமிழ்க் கல்வெட்டுகள் வேறிடங்களில் கிடைத்துள்ளன: தென் தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்தாரைக் குறிப்பிடும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, சுமத்திராவின் பாருசில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினரின் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அவையும் வணிகர் பெயரைத்தான் சொல்கின்றன. பட்டினப்பாலையில் வரும் காழகத்தைக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் உரை கொள்கிறது. அங்கேயும் வருவது படையன்று, பண்டம்.

அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வகுப்பில் நானும் 1025ஐத்தான் அழுத்திச் சொல்வேன்" என்றார். நல்ல ஆசிரியர்.

திரும்பும் வழியில் சுங்கை பத்துவில் நிறுத்தினேன். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்துவரும் இடம் அது. இரும்பு உருக்கிய உலைகள், துருத்திக்காற்றை உலைக்குச் செலுத்திய களிமண் குழாய்கள் குவியல் குவியலாக, ஆற்றங்கரைப் படித்துறைகளின் செங்கல் அடித்தளம். வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நமக்கு, இங்கே இருந்தவர்களும் உலை மூட்டி உழைத்தவர்கள்தாம் என்பதை அவ்விடம் காட்டுகிறது. கப்பல் எதை வாங்க வந்தது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி அந்த இரும்புக் கசடு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னேன். வேல்ஸ் எண்ணிட்ட இடங்களுள் பதினொன்றாம் எண் சண்டி இன்று இல்லை. 2013ஆம் ஆண்டு வீடமைப்புத் திட்டத்துக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில்தான் செய்தி வெளிவந்தது. தனியார் நிலம், மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவு பெறாத இடம் என்று விளக்கம் கூறினார்கள். ஆயிரம் ஆண்டு நின்ற கல்லுக்குப் பதிவுத்தாள் இல்லையாம்! நாடு முழுதும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அக்குரலில் எல்லா இனத்தவரும் இருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்றிரவு உணவின்போது அண்ணி ஒரு கேள்வி கேட்டார். "வென்றவர் போய்விட்டார்கள் என்றீர்களே தம்பி. அப்படியென்றால் நீங்கள் எப்போது வந்தீர்கள்?"

இக்கேள்வியை எத்தனையோ முறை மாணவர்களிடம் நான் கேட்டிருக்கிறேன். என்னிடம் எவரும் கேட்டதில்லை. மறுநாள் திட்டத்தை மாற்றினேன். லங்காவி போவதாக இருந்தது. அதற்குப் பதிலாகப் பீடோங் பக்கம், என் தந்தை பிறந்த தோட்டத்துக்கு அழைத்துச் சென்றேன்.

காட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அதுதான் காட்ட வேண்டியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆயிற்று. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. பிரட்டுக் களம் இருந்த இடம் எது என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கிணறு ஒன்று உண்டு, செடி மூடிக் கிடக்கிறது. என் பாட்டி தம் பெற்றோருடன் 1937இல் இங்கு வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. கங்காணி சொல்லை நம்பி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்கள். அடுத்த ஆண்டே, 1938இல், தொழிலாளரை இவ்வாறு உதவியளித்து அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்துவிட்டது. ஓராண்டு தாமதித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பாட்டி அதிகம் பேசமாட்டார். பேசினால் பெரும்பாலும் கள்ளுக்கடையைத்தான் திட்டுவார். அது வெறும் கோபமன்று என்பது ஆசிரியர் பயிற்சியின்போது நூலகத்தில் படித்த பிறகே எனக்கு விளங்கியது. போர் முடிந்தபின் இவ்வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இளைஞர் இயக்கம் கள்ளுக்கு எதிராக எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் முன்னணித் தலைவர். 1947இல் கள்ளுக்கடை மறியல்களும் வேலைநிறுத்தங்களும் பரவ, காவல் துறை கடுமையாக ஒடுக்கியது, தொழிலாளர் உயிரிழந்தனர். இவர்களுக்கு நானறிய இவ்வட்டாரத்தில் ஒரு நினைவுக்கல்கூட இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லையாவது குவாரிட்ச் வேல்ஸ் எண்ணிட்டு வைத்தார். எண்பது ஆண்டுக்கு முந்திய லயத்துக்கு யார் எண்ணிட்டார்?

கிணற்றருகே நின்ற அண்ணி மெதுவாகச் சொன்னார்: "எங்கள் அம்மா ஊரில் ஒரு வீட்டைப் பினாங்குக்காரர் வீடு என்பார்கள். போனவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லையாம். வீட்டுக்கு மட்டும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. பினாங்கு என்பது அவர் குடும்பப் பெயரென்றே சிறுவயதில் நினைத்திருந்தேன்." பிறகு, "உங்கள் பாட்டி எந்த ஊர்?" என்றார்.

"பட்டுக்கோட்டைப் பக்கம் என்பார். ஊர்ப்பெயரை நான் கேட்டு வைக்கவில்லை அண்ணி."

வரலாறு கற்பிக்கும் வாயால் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் தம் குறிப்பேட்டைத் திறந்து, கடாரத்துக்கென ஒதுக்கிய பக்கத்திலேயே, பாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், 1937 என்று எழுதிக்கொண்டார். பட்டுக்கோட்டைப் பக்கம் தமக்கு மாணவர்கள் நிறைய உண்டு, கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

நான்காம் நாள் விமான நிலையம் நோக்கிப் பாலத்தில் சென்றபோது தீவு இப்போது இடப்பக்கம் வந்தது. "அன்று என்னவோ சொன்னீர்களே, இதுதானே?" என்றார் அண்ணி. ஆம், ஜெரெஜாக். தொழுநோயாளரைத் தனித்து வைக்க ஆங்கிலேயர் பயன்படுத்திய தீவு. பின்பு கப்பலில் வந்த கூலிகளைத் தொற்றுநோய் அச்சத்தால் நாட்கணக்கில் தடுத்து வைத்த இடம். 1969 முதல் 1993 வரை சிறைத்தீவு. பினாங்கு வழியே வந்த எத்தனையோ குடும்பங்கள் இந்நாட்டில் முதலில் மிதித்த மண் அதுதான்.

"கொஞ்சம் நிறுத்த முடியுமா தம்பி?"

"பாலத்தில் நிறுத்தக்கூடாது அண்ணி" என்று சொல்லி, இடத்தடத்துக்கு மாறி வேகத்தைக் குறைத்தேன். அவர் கண்ணாடியை இறக்கினார். பின்னால் வந்த லாரிக்காரர் ஒலியெழுப்பினார். தீவு கண்ணுக்கு மறையும்வரை மூவரும் பேசவில்லை.

அண்ணனிடமிருந்து இன்னும் மடல் வரவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து 1937இல் புறப்பட்ட குடும்பங்களைப் பற்றி அறிந்த அன்பர்கள் யாரேனும் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.