ஆதிமூலத்தின் நிலக்காட்சிகள்

ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய அரூப நிலக்காட்சிகள், தமிழ்நாட்டு நவீன ஓவியத்தில் வெளிப்பாட்டியம் எனப்படும் எக்ஸ்பிரஷனிசப் போக்கு நிலத்தைத் தொட்ட இடங்களில் முக்கியமானவை. வயலோ வரப்போ மரமோ அடையாளம் தெரியும்படி இவற்றில் இருக்காது. நிலத்தின் வெக்கையும் ஈரமும் வெளிச்சமும் வண்ணத் திட்டுகளாக மட்டுமே நிற்கும். ஆனாலும் தமிழ் வாசகர்களில் பலருக்கு ஆதிமூலம் என்றால் கறுப்பு மையில் போட்ட கோட்டோவியங்கள்தான். பத்திரிகை வாங்கிய வீடுகளுக்குக் கோடு போனது. வண்ணம் ஓவியக்கூடங்களோடு நின்றுவிட்டது.

தமிழ் நிலத்தை நிலக்காட்சி ஓவியமாகத் தீட்டும் வழக்கம் வெளியிலிருந்து வந்தது. கோயில் சுவர்களிலும் தஞ்சாவூர்ப் பலகைகளிலும் மலையும் மரமும் தெய்வத்துக்கும் அரசனுக்கும் பின்னணி. அவற்றுக்கெனத் தனிப் படச்சட்டம் கிடையாது. 1792-இல் தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியமும் தமிழ்நாட்டு ஊர்களைச் சுற்றி வரைந்தார்கள். 144 அச்சுப்படங்கள் கொண்ட அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதிகளில் தமிழ்நாட்டுக் குன்றுகளும் கோட்டைகளும் இருக்கின்றன. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெயிலில் நின்றவர்களுக்கு வியர்த்தது என்று படத்தைப் பார்த்தால் தெரியாது.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளி நீண்டகாலம் கைத்தொழில் பயிற்சிக்கூடமாகவே இருந்தது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகுதான் நுண்கலை அங்கே வேரூன்றியது. அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) தந்தித் துறை வேலையை விட்டுவிட்டு வந்தவர். கேரளத்து நீர்நிலைகளையும் தென்னந்தோப்புகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் பெயர் பெற்றார். வான்கோ, கோகன் ஆகியோரின் பாதிப்பு அவர் படங்களில் ஏறியபோது வண்ணம் காட்சிக்குக் கட்டுப்படுவதை விட்டது. 1963-இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கியதோடு பணிக்கர் நிலக்காட்சியை விட்டு வெகுதூரம் போய்விட்டார். அவர் தலைமையில் உருவான தலைமுறையும் கோட்டையே தன் அடையாளமாகக் கொண்டது. சென்னைக்காரர்கள் கோட்டுக்காரர்கள் என்று இந்திய ஓவிய உலகம் இன்றும் சொல்லும்.

ஆதிமூலம் அந்தக் கோட்டுக்காரர்களில் ஒருவராகத்தான் வளர்ந்தார். திருச்சி மாவட்டம் துறையூர் அருகே கீரம்பூரில் பிறந்தவர். பச்சைமலையும் கொல்லிமலையும் கண்ணில் படும் பகுதி அது. 1960 முதல் 1966 வரை சென்னையில் ஓவியம் படித்தார். சிற்பி எஸ். தனபால் அவருக்கு வழிகாட்டி. காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி வரைந்த காந்தி கோட்டோவிய வரிசை அவரை நாடறியச் செய்தது. மகுடமும் நகையும் சுமந்து உள்ளே உளுத்துப்போன மன்னர்களின் வரிசை ஒன்றும் உண்டு. அதில் கிண்டல் அதிகம். மத்திய அரசின் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகவும் வேலை பார்த்தார். துணியில் ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம் எப்படி மாறித் தெரிகிறது என்பதை அன்றாடம் பார்க்கும் வேலை அது. பின்னால் வந்த வண்ண ஓவியங்களுக்கு இந்தப் பழக்கம் உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு.

எழுபதுகளில் எண்ணெய் வண்ணத்துக்குத் திரும்பியபோது அவர் செய்தது துணிச்சலான காரியம். தனக்குப் பேர் வாங்கித் தந்த கோட்டை அந்தப் படங்களில் முழுக்க ஒதுக்கிவைத்தார். தூரிகைக்குப் பதிலாகத் தட்டைக் கத்தியால் வண்ணத்தை அள்ளி அப்பி, இழுத்து, சுரண்டித் தீட்டினார். ஒரு திட்டின் ஓரம் அடுத்த திட்டில் முட்டும் இடம்தான் இப்படங்களில் அடிவானம். அதுவே வரப்பு, அதுவே குன்றின் விளிம்பு. மேற்பரப்பு உழவு ஓட்டிய காடு மாதிரி மேடும் பள்ளமுமாக இருப்பதால் வெளிச்சம் மாறினால் படமும் மாறும். பல படங்களுக்குப் பெயர் கிடையாது.

நிலத்தை இப்படி வண்ணமாகக் கரைப்பதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. 1905-இல் டிரெஸ்டனில் ‘பாலம்’ குழு தொடங்கிய ஜெர்மானிய வெளிப்பாட்டியம், கண்ட நிறத்தை விட்டு உணர்ந்த நிறத்தைத் தீட்டியது. 1908 முதல் முர்னாவ் என்ற சிற்றூரைத் தீட்டிய காண்டின்ஸ்கியின் படங்களில் வீடும் மலையும் மெல்ல மெல்லக் கரைந்து, சில ஆண்டுகளில் நிறம் மட்டும் மிஞ்சியது. சாயிம் சூட்டீன் 1919 முதல் 1922 வரை தெற்குப் பிரான்சின் செரே ஊரைத் தீட்டியபோது குன்றும் தெருவும் வலிப்பு வந்தாற்போல முறுகின. ஆதிமூலம் சூட்டீனைப் போலக் கொந்தளிப்பவர் அல்ல. காண்டின்ஸ்கி போன வழியே நெருக்கம். ஆனால் ஆதிமூலத்தின் படத்தில் மண் கடைசிவரை மண்ணாகவே இருக்கிறது.

நிலத்தில் உணர்ச்சியை ஏற்றுவது என்றதும் விமர்சகர்கள் சங்கத் திணைகளை இழுத்துவருவார்கள். திணையில் நிலத்தோடு தலைவனும் தலைவியும் பறவையும் பொழுதும் இருக்க வேண்டும். ஆதிமூலத்தின் வண்ணப் படங்களில் ஆளே இல்லை. பொருத்தம் பாதிக்கு மேல் செல்லாது.

ஆட்கள் இருந்தது அவருடைய பத்திரிகை வேலையில். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் எழுதிய ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடருக்கு அவர் போட்ட படங்களில் சம்சாரியும் கிழவியும் மாடும் கோட்டுப் பின்னலிலிருந்து எழுந்து வருவார்கள். அங்கே நிலம் அவர்களுடைய தோல் சுருக்கத்தில் இருந்தது. ஒரே நாட்டுப்புறத்தை அவர் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்: கறுப்பு மையில் மனிதர்கள், எண்ணெய் வண்ணத்தில் அவர்கள் நின்ற மண்.

இந்தப் பிரிவினை கண்ணுக்குப் பிடிபட, திருச்சியிலிருந்து மணப்பாறை, வையம்பட்டி வழியாகத் திண்டுக்கல் போகும் சாலையில் அய்யலூரைப் பார்க்கலாம். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையின் நெரிசலும் பேரமும் தக்காளிக் கூடைகளும் கோட்டோவியத்துக்கு உரியவை. ஊரைத் தாண்டினால் செம்மண், பாறைக் கரடு, முள்காடு, தூரத்தில் நீலம் பாய்ந்த மலை. மேகம் திரண்ட நாளில் அந்தச் செம்மண் ஊதாவாகும். அது வண்ணப் படத்துக்கு உரியது. ஆதிமூலம் அய்யலூரைத்தான் வரைந்தார் என்பதல்ல. இந்த ஊர் மட்டும் என்று சொல்ல முடியாத உள்நாட்டுப் புன்செய் நிலம் அவருடையது.

இப்படங்கள் பரவலாகப் பேசப்படாததற்குக் காரணம் எளிது. கோட்டோவியம் மட்டமான தாளிலும் உயிரோடு இருக்கும். அப்பிய வண்ணத்தின் தடிமனை எந்த அச்சும் காட்டாது. நேரில் நின்றுதான் பார்க்க வேண்டும். 2008 ஜனவரியில் ஆதிமூலம் மறைந்தார். சென்னையில் வண்ணத்தையே மொழியாகக் கொண்டவர்களில் அவருக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கவர் அச்சுதன் கூடல்லூர் (1945–2022). பொறியாளராக இருந்து ஓவியரான அவர், மலையாள எழுத்தாளர் எம். டி. வாசுதேவன் நாயர் கதைகளில் வரும் அதே கூடல்லூரில், பாரதப்புழைக் கரையில் பிறந்தவர். ஆதிமூலத்தின் சிவப்பு மண்ணிலிருந்து எழுவது. அச்சுதனின் சிவப்புக்கு அப்படி ஒரு தரை தேவைப்படவில்லை.